மானேஜரின் பாதிக் கடிதங்கள்

ரியோ அஞ்சோ படகு நிறுவனத்தின் முற்றத்துக்குள் ஏபெர் மைதானா காலெடுத்து வைத்தபோது, நாற்பது பேர் பழைய செய்தித்தாள்களைக் கொளுத்தி மேளத் தோலைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்றாறாம் வருடத்துப் பிப்ரவரி. திருவிழாக் காலத்தில் மொந்தெவிதேயோவின் எந்தத் தெருவில் திரும்பினாலும் மேளம் கேட்கும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? இரவானால் அவனே முகத்தில் சாயம் பூசிக்கொண்டு முர்கா கோஷ்டியில் ஊர்ப் பெரிய மனிதர்களைக் கிண்டலடித்துப் பாடுகிறவன். ஆனால் வேலை நாளில், பகல் ஒன்றரை மணிக்கு, ஓர் அலுவலகத்துக்குள் மேளம் வந்து அவன் பார்த்ததில்லை.

அவனுக்கு முன்னால் சுல்மா இத்துவார்த்தே வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குவளையை உறிஞ்சியபடி நடந்தாள். ஐம்பத்தாறு வயது. கணினிகள் ஒன்றோடொன்று பேச மறுக்கும் இடங்களுக்கு அவளைக் கூப்பிடுவார்கள். யார் பொய் சொல்கிறார்கள், இயந்திரமா மனிதனா என்று கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. அவளுடைய பையைச் சுமப்பது, பழைய ஃபியட்டை ஓட்டுவது, அவள் யோசிக்கும்போது ஏதாவது உளறிக்கொண்டிருப்பது, இவை மூன்றும் ஏபெரின் வேலை. மூன்றாவதில்தான் அவன் கெட்டிக்காரன்.

படிக்கட்டில் ஒரு பெண்மணி உட்கார்ந்து ரொட்டி தின்றபடி மேளத்துக்குக் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் முப்பத்தைந்து டிகிரி. அவளோ கழுத்துவரை கம்பளிச் சட்டை.

"அவங்கதான் மிர்த்தா," என்றாள் சுல்மா.

"எப்படி மேடம்?"

"இந்தக் கட்டடத்துல குளிரடிக்கிற ரூம் ஒண்ணே ஒண்ணுதான். அது மெஷின் ரூம்."

பெரிய கணினியை, அதாவது மெயின்ஃபிரேமை, பத்தொன்பது வருடமாகக் கட்டி மேய்ப்பவள் மிர்த்தா. அவள்தான் குற்றவாளி என்று தொலைபேசியிலேயே சொல்லியிருந்தார் மானேஜர்.

மானேஜர் இன்ஜினியர் பெருத்தியின் அறையில் உட்கார இடமில்லை. நாற்காலிகளிலெல்லாம் இனிப்பு ஜாடிகள், அல்ஃபஹோர் பிஸ்கட் டப்பாக்கள், பன்றித்தொடையை உப்பிட்டுப் பதப்படுத்திய ஒரு முழு ஹாம், சாயம் பூசிய மரப் படகு பொம்மை. ஆற்றங்கரைக் கிளை அலுவலகங்களிலிருந்து ஐந்து மாதமாக இப்படித்தான் வந்து குவிகிறதாம். தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று மானேஜர் முடிவு கட்டியிருந்தார். ஏபெர் ஒரு டப்பாவைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, கேலி நன்றாகவே இருக்கிறது என்றான்.

பெருத்தி சிரிக்கவில்லை. அவர் சிரித்து அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. நடந்ததை அவர் சொன்னார். போன வருடம் மெயின்ஃபிரேமின் உள்மடல்களை வெளியூருக்கு அனுப்ப ஒரு கேட்வே வைத்தார்கள். மூன்றாம் மாடியில், ஆள் உள்ளே நிற்கும் அளவுள்ள ஓர் அலமாரிக்குள் இருக்கும் சாம்பல் நிறக் கணினி அது. மெயின்ஃபிரேம் கொடுக்கும் கடிதத்தை வாங்கி வெளியே கொண்டு சேர்ப்பது மட்டும்தான் அதன் வேலை. போன வாரம் கார்மெலோ கிளைக்கு அவர் போனபோது, அங்கே படகுத் தலைவன் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டானாம். தாமதமாகப் படகு விட்டதற்காக அவனை அவர் காய்ச்சி எடுத்த கடிதம் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததாம். நெருங்கிப் பார்த்தால் பாதிக் கடிதம்தான் இருந்தது. சந்தேகம் வந்து வேறு இரண்டு கிளைகளில் கேட்டார். அங்கேயும் பாதி.

"கேட்வே வந்தது மிர்த்தாவுக்குப் பிடிக்கல. எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. என் கடிதத்தை அவங்கதான் வெட்டுறாங்க," என்றார் பெருத்தி. "யார்னு எனக்குத் தெரியும் செனியோரா. எப்படின்னு மட்டும் நீங்க சொன்னா போதும்."

பதினைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்களை நீக்க, ஆற்றின் அக்கரையில் புவெனஸ் அயர்ஸ் தலைமை அலுவலகத்தில் இருக்கும் தலைவர் தோன் அத்திலியோவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் கடிதத்தையும் அவர் அனுப்பிவிட்டாராம். ஒன்று பத்துக்கு, தன் கையாலேயே தட்டச்சு செய்து, அதே கேட்வே வழியாக.

"அவங்க வெட்டுறாங்கன்னு தெரிஞ்சும் அதே வழியாவா சார்?" என்றான் ஏபெர்.

"ஒரு மணிலேர்ந்து அவங்க முற்றத்துல சாப்பிட்டுட்டு இருக்காங்க. மெஷின் பக்கமே போகல. ஜன்னல்ல நின்னு நான் பார்த்துக்கிட்டே அனுப்பினேன்." மூன்று மணிக்குள் பதில் வந்துவிடும் என்றும், வந்ததும் மிர்த்தா பையை எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் சொல்லிவிட்டு, அந்த மேளக்காரர்களை யார் உள்ளே விட்டது என்று கேட்கத் தொலைபேசியைத் தூக்கினார்.

மாடிப்படியில் இறங்கும்போது ஏபெருக்கு வாயில் இனிப்பு கசந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு வங்கி அவனை ஒற்றை வரிக் கடிதத்தில் வீட்டுக்கு அனுப்பியது. அந்த வரி இன்னும் அவனுக்கு மனப்பாடம்.

மெஷின் ரூமில் பல் கிட்டிப்போகிற குளிர். மிர்த்தா உள்ளே வந்து கம்பளிச் சட்டையின் கைகளை இழுத்துவிட்டுக்கொண்டாள். தன்மேல் என்ன பழி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அழவில்லை, கெஞ்சவில்லை. கேட்வே பிடிக்கவில்லை என்று சொன்னது உண்மைதான் என்றாள். அதை நிறுவ வந்த ஆள் இரண்டே நாளில் ஓடிவிட்டான், அலமாரிச் சாவியை மானேஜர் தன்னிடமே வைத்துக்கொண்டார், உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்கக்கூட முடியாத பொருளை எப்படிப் பிடிக்கும் என்று கேட்டாள். ஆனால் மற்றவர்கள் கடிதத்தை அவள் படித்ததே கிடையாது. எத்தனை வரி போனது என்று மட்டும் குறித்துவைப்பாள்.

அந்தக் குறிப்பேட்டை சுல்மா வாங்கிப் பார்த்தாள். கார்மெலோ கடிதம்: முப்பத்தோரு வரி. கார்மெலோவின் சுவரில் இருந்தது ஒன்பது வரி.

ஏபெர் தன் வேலையைத் தொடங்கினான். நீளமான கடிதம் என்றால் கேட்வேக்கு மூச்சு வாங்குகிறதோ என்றான். நானூறு வரிச் சரக்குப் பட்டியல் நேற்று முழுசாகப் போய்ச் சேர்ந்தது என்று மிர்த்தா காட்டினாள். சரி, மதியத் தூக்கமோ என்றான். வெட்டுப்பட்ட மூன்றில் இரண்டு காலையில் போனவை. அப்படியானால் கேட்வேக்கும் மானேஜரைப் பிடிக்கவில்லை, அது ஒன்றுதான் மிச்சம் என்றான்.

சுல்மா குவளையை உறிஞ்சுவதை நிறுத்தினாள். "மறுபடி சொல்லு."

"எதை மேடம்? வாயில வந்ததைச் சொன்னேன்."

"மானேஜரோட காரியதரிசி தட்டுற கடிதம் எல்லாம் முழுசா போகுதா, தோன்யா மிர்த்தா?"

போகிறது. குறிப்பேடு அதையும் சொன்னது. காரியதரிசி அனுப்பியதைப் பற்றி எந்தக் கிளையும் குறை சொல்லவில்லை. மானேஜர் தன் விரலால் தட்டியவை மட்டுமே பாதியில் நின்றன. கார்மெலோ கடிதத்தின் நகலை மிர்த்தா அச்சிட்டுக் கொடுத்தாள். சுல்மா அதை மேசையில் விரித்து மேலிருந்து கீழாக விரலை ஓட்டினாள். ஒன்பது வரி. பத்தாவது வரியில் எழுத்தே இல்லை. ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி. பிறகு மீண்டும் வரிகள்.

"இந்தப் புள்ளி எதுக்கு?"

மிர்த்தா குனிந்து பார்த்தாள். இந்த மெஷினில் காலி வரி விட்டால் அது தானாகவே மூடிக்கொள்ளும், பத்திகளெல்லாம் ஒட்டிக்கொண்டுவிடும் என்று விளக்கினாள். அதனால் பத்தி பிரிய வேண்டிய இடத்தில் ஏதாவது ஒரு குறி வைக்க வேண்டும். காரியதரிசி கோடு போடுவாள். மானேஜர் புள்ளி வைப்பார். சொல்லிக்கொண்டே வந்தவளின் குரல் இறங்கியது.

"புள்ளி வைக்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான்," என்றாள். "அவர் கேட்டார். அஞ்சு மாசம் முன்னாடி."

ஏபெர் சுல்மாவைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மானேஜருக்கு இது தெரிந்தால் இதையே பிடித்துக்கொள்வார் என்று நினைத்தான். சுல்மா தாளை மடித்துப் பையில் போட்டாள். மணி இரண்டு பத்து.

சாவி வாங்க ஏபெர் மானேஜர் அறைக்கு ஓடினான். கேட்டால் கேள்வி வரும், ஆகவே ஹாமைப் புகழ்ந்தான். அதை வெட்டக் கத்தி எடுக்க அவரே மேசை இழுப்பறையைத் திறந்தார், சாவி அங்கே இருந்தது. துப்பறியும் பெண்மணி கேட்கிறார் என்று சொல்லி, அவர் யோசிப்பதற்குள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கூடவே ஒரு துண்டு ஹாமும்.

மூன்றாம் மாடி அலமாரியில் துடைப்பங்களுக்கும் வாளிகளுக்கும் நடுவே அந்தச் சாம்பல் கணினி தூசி படிந்து உட்கார்ந்திருந்தது. ஐந்து மாதமாக மனிதக் கை படாத பொருள். சுல்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மிர்த்தா வாசலில் நின்றாள்.

"ரெண்டு மெஷின் கடிதத்தைக் கைமாத்தும்போது ஒரு ஏற்பாடு உண்டு," என்றாள் சுல்மா, விசைகளைத் தட்டிக்கொண்டே. "கடிதம் முடிஞ்சுதுன்னு எப்படிச் சொல்றது? ஒரு வரியில புள்ளி மட்டும் வச்சா, முடிஞ்சுது."

"கடிதத்துக்கு நடுவுலயே அப்படி ஒரு வரி இருந்தா?"

"அனுப்புற மெஷின் அது பக்கத்துல இன்னொரு புள்ளி சேர்த்து அனுப்பணும். வாங்குற மெஷின் அதை எடுத்துட்டுப் படிக்கும். இங்க அனுப்புற நிரலை எழுதின ஆள் அந்த வேலையைச் செய்யல. ரெண்டு நாள்ல ஓடிட்டானே, அவன்."

"அப்போ புள்ளிக்கு அப்புறம் வர்றதெல்லாம் காத்துல போயிடுதா?"

"போகாது. கடிதம் முடிஞ்சுதுன்னு நினைக்கிற மெஷின், அடுத்து வர்றதைத் தனக்கு வர்ற கட்டளைன்னு எடுத்துக்கும். புரியலன்னா புரியலன்னு பதில் சொல்லும். அதை எங்கயாவது எழுதியும் வச்சிருக்கும்."

எழுதித்தான் வைத்திருந்தது. திரையில் நடவடிக்கைப் பதிவு விரிந்தது. சுல்மா நாற்காலியாயிருந்த வாளியை நகர்த்தி ஏபெருக்கு இடம் விட்டாள். அவன் உரக்கப் படித்தான்.

"ஆனால் உங்களை மாலுமி என்பதா, மாட்டு வண்டிக்காரர் என்பதா." அதன் கீழே கேட்வேயின் பதில்: கட்டளை புரியவில்லை.

"நேற்றும் நாற்பது நிமிடம் தாமதம்." கட்டளை புரியவில்லை.

"இன்னொரு முறை நடந்தால் ஆற்றில் இறங்கி நீங்களே இழுத்துக்கொண்டு வாருங்கள்." கட்டளை புரியவில்லை.

மூன்றாவது வரியிலேயே ஏபெருக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டான். கீழே மேளம் ஆரம்பித்திருந்தது, அந்தத் தாளத்தில் அவனையறியாமல் படிப்பு பாட்டாகிவிட்டது. கொலோனியா கிளைக்கு, புவெனஸ் அயர்ஸ் டிக்கெட் கவுண்டருக்கு, சமையற்காரருக்கு, நங்கூரம் துடைப்பவருக்கு என ஐந்து மாதத்து வசவுகள், மொத்தம் எழுபத்தேழு கடிதங்களின் பின்பாதி. ஒவ்வொரு வரிக்கும் அந்தச் சாம்பல் பெட்டி கொஞ்சமும் கோபப்படாமல் அதே பதிலைச் சொல்லியிருந்தது. எட்டு வரி தாண்டினால் மட்டும் இணைப்பைத் துண்டித்துக்கொண்டது. மிர்த்தா வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, துடைப்பக் கட்டுமேல் சரிந்தாள். சுல்மாவின் தோள்கூடக் குலுங்கியது.

"இவர் எதையும் முறையா செய்ற ஆளு," என்றாள் சுல்மா. "முதல் பத்தியில பாராட்டு. அப்புறம் ஒரு புள்ளி. அப்புறம் வசவு. பாராட்டு மட்டும்தான் வெளிய போயிருக்கு."

இனிப்பு ஜாடிகளும் ஹாமும் ஏன் வந்தன என்று அப்போதுதான் ஏபெருக்கு விளங்கியது. ஐந்து மாதமாகக் கிளைகளுக்கெல்லாம் அவர் புகழ்ச்சி மட்டுமே பேசுகிற மனிதர். கடைசிப் பதிவுக்குப் போகும்படி சுல்மா சொன்னாள். இன்றைய தேதி. ஒன்று பத்து. அதை அவன் உரக்கப் படிக்கவில்லை. மிர்த்தா அவனை விலக்கிக்கொண்டு வந்து தானே படித்தாள். சிரிப்பு அவள் முகத்திலிருந்து மெல்ல வடிந்தது. படித்து முடித்து, அதை ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மூவரும் மானேஜர் அறைக்குள் நுழைந்தார்கள். அங்கே ஏற்கனவே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. மேளக்காரர்களின் தலைவன் ஃபெர்மின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கொலோனியா படகில் மேல்தளப் பணியாளன் அவன். மானேஜருக்கு நன்றி சொல்லத்தான் கோஷ்டியோடு வந்தானாம். அதற்கு அத்தாட்சியாக நான்காய் மடித்த ஒரு கடிதத்தை நீட்டிக்கொண்டிருந்தான். படகின் மேல்தளத்தில் நீங்கள் வாசிக்கும் மேளத்தைப் பயணிகள் ரசிப்பதாக அறிகிறேன், உங்கள் உற்சாகம் பாராட்டத்தக்கது என்று அதில் இருந்தது. அன்று முதல் தினமும் வாசிக்கிறார்களாம். மேளம் கேட்கவென்றே ஜனங்கள் படகேறுகிறார்களாம்.

"இதுக்குக் கீழ நான் மேளத்தைத் தடை பண்ணியிருந்தேன்," என்றார் பெருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு மிர்த்தாவைப் பார்த்து விரலை நீட்டினார். "பாருங்க. இதையும் வெட்டியிருக்காங்க."

சுல்மா அச்செடுத்த தாளை மேசைமேல் வைத்தாள். "இன்னைக்கு ஒண்ணு பத்துக்கு நீங்க அனுப்பின கடிதம், இன்ஜினியர் சார். இதுவும் பாதிதான் போயிருக்கு. அந்த நேரத்துல தோன்யா மிர்த்தா எங்க இருந்தாங்க?"

பெருத்தி ஜன்னலைப் பார்த்தார். அவர்தான் ஜன்னலில் நின்று காவல் காத்தவர். அவளுக்கு அவரே சாட்சி.

புள்ளியைப் பற்றி சுல்மா இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்தாள். அதைச் சொல்லிக்கொடுத்தது மிர்த்தா என்பதையும் மறைக்கவில்லை. பத்தி பிரிக்க நல்ல வழி கேட்டவருக்கு நல்ல வழி சொல்லியிருக்கிறாள், தவறு நிரலில், வேறெங்கும் இல்லை என்றாள். பெருத்தி மேசையிலிருந்த தாளை மடித்து வைக்கப்போனார். மிர்த்தா அதன்மேல் கையை வைத்தாள்.

"மீதியையும் வாசிங்க சார். மெஷினுக்குத்தான் புரியல. எனக்குப் புரியும்."

ஃபெர்மின் தரையைப் பார்த்தான். பெருத்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "ஆனால் இவர் என் கடிதங்களைத் திருட்டுத்தனமாக வெட்டுகிறார்." கட்டளை புரியவில்லை என்பதையும் சேர்த்தே படித்துவிட்டார், பழக்கமில்லாததால். "இவரைப் போன்ற நம்பிக்கைத் துரோகி." அதற்குமேல் அவர் படிக்கவில்லை. இன்னும் நான்கு வரி இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அந்த நேரத்தில்தான் மேசை ஓரத்துத் திரையில் புதுக் கடிதம் வந்து நின்றது. தோன் அத்திலியோவிடமிருந்து. பெருத்தி அசையவில்லை. ஏபெர் எட்டிப் பார்த்தான், அவனே வாசித்தான்.

மிர்த்தாவைப் பற்றிய உங்கள் கடிதம் என்னை நெகிழவைத்தது. இந்த மெஷினை இவரைவிட அறிந்தவர் ஆற்றின் இரு கரையிலும் இல்லை என்கிறீர்கள், ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். இன்று முதல் இரு கரையின் மெஷின் ரூம்களுக்கும் அவரே தலைமை. உங்களைக் கடுமையான ஆள் என்று என்னிடம் சொன்னவர்கள் வெட்கப்பட வேண்டும்.

ஏபெர் படித்து முடித்தான். ஃபெர்மின், விஷயம் முழுதாகப் புரியாமலேயே, மிர்த்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"திருத்தம் எழுதணும்," என்றார் பெருத்தி கடைசியில்.

"தாராளமா எழுதலாம். இன்னும் பத்து நிமிஷத்துல நான் அதைச் சரி பண்ணிடுவேன். அதுக்கப்புறம் நீங்க எழுதுற அத்தனையும் முழுசா போய்ச் சேரும்," என்றாள் சுல்மா.

"எழுபத்தேழு கடிதத்துக்கும் எழுதணும் சார்," என்றான் ஏபெர். "ஹாமையும் திருப்பி அனுப்பணும். அதுல ஒரு துண்டு குறையும், அதுக்கு நான் பொறுப்பு."

மிர்த்தா சிரிக்கவில்லை. பொய்யான கடிதத்தால் கிடைத்த பதவி தனக்கு வேண்டாம் என்றாள். தோன் அத்திலியோவுக்கு உண்மை போகட்டும், முழு உண்மை, அதற்குப் பிறகு அவர் வேண்டாமென்றால் தன் பை எங்கே இருக்கிறதென்று தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு மெஷின் ரூமுக்கு இறங்கிப்போனாள். ஏபெருக்கு அவள் பின்னாலேயே ஓடி, தோன்யா மிர்த்தா, ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று சொல்லத் தோன்றியது.

சுல்மா சொன்னபடியே பத்து நிமிடத்தில் நிரலைத் திருத்தினாள். தனியாக நிற்கும் புள்ளிக்குத் துணையாக இன்னொரு புள்ளி, அவ்வளவுதான் வேலை. சோதனைக்காகத் தன் வீட்டு முகவரிக்குப் பன்னிரண்டு புள்ளி வைத்த ஒரு கடிதம் அனுப்பினாள். பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தன. மேலே மானேஜருக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது. மெஷின் ரூமில் மூவரும் நின்று, தோன் அத்திலியோவுக்கு மானேஜர் எழுதும் கடிதம் வரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. ஏபெர் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டான். பிறகு குறிப்பேட்டுக்கு உரிய எண் வந்தது. மிர்த்தா பேனாவை எடுத்தாள்.

"மூணு வரி," என்றாள்.

"வெறும் மூணா?" சுல்மா நகர்ந்து வந்தாள்.

மற்றவர்கள் கடிதத்தைப் படிப்பதில்லை என்ற தன் வழக்கத்தை அன்று ஒருமுறை மீறிய மிர்த்தா மறுபடியும் மீறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ஏபெருக்கு அப்படி எந்த வழக்கமும் கிடையாது. திரைமேல் கவிழ்ந்து, முர்காவில் முதல் வரி எடுக்கும் குரலில் வாசித்தான்.

"என் கடிதத்தில் பாதிதான் உங்களுக்கு வந்தது. வராத பாதி தவறு, அதற்கு நான் மிர்த்தாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வந்த பாதியின்படியே நடக்கட்டும்."

மிர்த்தா திரும்பவில்லை. கம்பளிச் சட்டையின் கையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, கேட்வேயின் பதிலுக்காகக் காத்திருந்தாள். பதில் வந்ததும் குறிப்பேட்டில் எழுதினாள்: அனுப்பியது மூன்று வரி, போய்ச் சேர்ந்தது மூன்று.